பதினாறு தலைகளும் பெரியப்பாவின் மீசையும்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில், சாரங்கன் என்பவன் புல் வளர்க்கிறான். முப்பத்து நாலு வயது. பகலில் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் வேலை, புல் மாலையில்தான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கரண்ட் போகாமல் இருந்தால் போதும்.

அது ஒரு பழைய கிரிக்கெட் வீடியோ விளையாட்டின் புல். டீவியில் செருகி விளையாடும் பெட்டிகள் வந்த காலத்து விளையாட்டு. பெட்டிகள் எல்லாம் செத்துப் போய்விட்டன. எமுலேட்டர் என்ற மென்பொருள், 'அந்தப் பெட்டி நான்தான்' என்று விளையாட்டிடம் கூசாமல் பொய் சொல்லி அதைக் கொம்பியூட்டரில் ஓட வைக்கிறது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களை இந்தக் காலத்துத் திரையில் பார்த்தால், கண்ணாடி போட மறந்தவன் பார்த்த உலகம்தான். புல் பச்சைக் கஞ்சி. துடுப்பு மட்டை நனைந்த பிஸ்கட். ஆகவே உலகம் முழுவதும் சிலர் அந்தப் படங்களைத் துண்டு துண்டாக வெளியே எடுத்து, ஒவ்வொன்றையும் பெரிதாகவும் தெளிவாகவும் புதிதாகச் செய்து, பழைய பெயரிலேயே திரும்ப உள்ளே வைக்கிறார்கள். சம்பளம் இல்லை. நன்றி சொல்பவர்களும் குறைவு. பிழை சொல்ல மட்டும் பிரேசிலில் இருந்தும் ஆள் வரும்.

"உன்னோடை படிச்ச பெடியள் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை இறக்கி விடுறாங்கள். நீ புல்லுக்கு நிறம் பாக்கிறாய்" என்பார் தாய் கனகேஸ்வரி. அவருக்கு அப்போது இருந்த ஒரே யோசனை மகள் தனுஷியாவின் கலியாணம். ஆவணியில் முகூர்த்தம். தகப்பன் இல்லாத பிள்ளை. கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியவர்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பா நாகேந்திரமும் பெரியம்மாவும். இருவரும் வேண்டும். தம்பதியாக மணவறையில் இருந்துதான் தாரை வார்க்கலாம்.

சாரங்கன் புல்லை முடித்தான், துடுப்பை முடித்தான், மேகத்தையும் முடித்தான். எஞ்சியது பார்வையாளர் கூட்டம். பழைய விளையாட்டில் கூட்டம் என்பது ஒரு சின்னச் சதுரம். அதற்குள் பதினாறு தலைகள். அந்தச் சதுரத்தையே மைதானத்தைச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். மூலத்தில் தலை என்பது ஒரு மண்ணிறப் புள்ளி, அவ்வளவுதான். தெளிவாக்கித் தரும் செயற்கை மூளை மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தான். அது மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் காதை வைத்துத் தந்தது. மெய்யான முகங்கள் வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். கைதட்டினால் இன்னும் நல்லது.

அப்படி ஒரு படக்கட்டு அவனிடம் இருந்தது. பெரியப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விழாவில் இவன்தான் படம் எடுத்தவன். மேடையில் பெரியப்பா, மாலையும் பொன்னாடையுமாக. சபையில் சொந்தக்காரர், மேடையைப் பார்த்துக் கைதட்டியபடி. பெரியம்மா முதல் வரிசை. சாரங்கன் பதினாறு பேரை வெட்டி எடுத்து ஒட்டினான். மைதானம் உயிர் பெற்றது. எந்த அணி ஆறு அடித்தாலும் நம் ஆட்கள் பேதமின்றிக் கைதட்டினார்கள். தொகுப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தான்.

பெரியப்பாவின் மகன் வினோதன் கனடாவில் இருக்கிறான். பழைய விளையாட்டுப் பைத்தியம் அவனுக்கும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரங்கனின் தொகுப்பைப் போட்டு விளையாடும்போது பந்து எல்லைக்குப் போனது. அதைத் துரத்திக்கொண்டு போனவனின் கண்ணில் பெற்ற தாய் பட்டார். ஒரு தாய் அல்ல, வரிசை வரிசையாகத் தாய். படம் பிடித்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். கீழே சிரிக்கும் முகங்கள் நிறைந்தன. பெரியப்பா சிரிக்கவில்லை. போன் எடுத்தார்.

"தம்பி, அது என்ரை பிறந்தநாள் தானே?"

"ஓம் பெரியப்பா."

"மாலை போட்டுக்கொண்டு மேடையிலை இருந்தது ஆர்?"

"நீங்கள்தான்."

"பிறகு சாப்பாட்டுக்கு வந்தவன் எல்லாம் விளையாட்டுக்குள்ளை நிக்கிறான், என்னைக் காணேல்லை. என்ரை மனிசி உவள் நிக்கிறாள். நான் ஆர் உங்களுக்கு? கலியாணத்துக்கும் சாப்பாட்டுக்கு வந்தவனிலை ஒருத்தனைப் பிடிச்சுத் தாரை வார்க்கச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. தனுஷியா அண்ணனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, மருத்துவர் ரிப்போட்டைப் புரட்டும்போது நோயாளி பார்க்கும் பார்வை.

"அவரையும் சேர்த்துவிடு அண்ணா. ஒரு தலைதானே?"

"பதினேழாவதுக்கு இடமில்லை. விளையாட்டு பதினாறுக்குத்தான் செய்தது. ஒருத்தரை எடுத்தாத்தான் ஒருத்தரை வைக்கலாம்."

"எடுப்பம்" என்று கனகேஸ்வரி படத்தின் முன் உட்கார்ந்தார். மாமாவை எடுத்தால் மாமி வரமாட்டார். சித்தியை எடுத்தால் சித்தியோடு வரும் வான் வண்டி நிறைய ஆட்கள் வரமாட்டார்கள். மூலையில் இருப்பவர் போன வருசம் காலமானவர். அவரை எடுத்தால் செத்தவருக்கும் மரியாதை இல்லையா என்பார்கள்.

"அப்ப உங்களை எடுக்கவோ அம்மா?"

"என்னை எடுப்பியோ நீ?" என்று கேட்டுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். அன்று சோறு கொஞ்சம் பிந்தியது.

சாரங்கன் தொகுப்பையே இணையத்தில் இருந்து எடுத்துவிட்டான். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பிரதி எடுத்து, மெருகேற்றி, வேறு இடத்தில் ஏற்றியிருந்தான். அதில் பெரியம்மா முன்னரைவிடத் தெளிவாக இருந்தார்.

மருதானையில் பழைய கொம்பியூட்டர் சாமான் விற்கும் நண்பன் பௌஸியிடம் போய்ப் புலம்பினான். பௌஸி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், மனிசர போட்டதுதான் பிழ. தென்ன மரத்த போட்டீந்தா அது கோவிச்சீக்காதே. சரி, அவர ஏன் போடல்ல? அதச் சொல்லு."

"மீசையடா. வெள்ளை மீசை, முறுக்கி விட்டது. போட்டுத்தான் பாத்தனான். ஒரே சதுரத்தைத் திருப்பித் திருப்பி ஒட்டுறது தானே, மைதானம் முழுக்க அவர்தான் தெரிஞ்சார். கண் எங்கை போனாலும் மீசை. கூட்டத்துக்கு எடுப்பான முகம் சரிவராது, ஒட்டினது பிடிபட்டிடும்."

"யா அல்லாஹ், இத அவருக்கிட்ட சொல்லு! இதவிட பெரிய புகழ் என்ன ஈக்கி?"

சாரங்கன் சொன்னான். அவன் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை புல் அல்ல, இதுதான். மறுமுனையில் ஒரு கனைப்பு.

"எடுப்பான முகம் எண்டோ சொல்லுறாய்?"

"ஓம் பெரியப்பா. உங்களை ஒளிக்க ஏலாது."

"அதை முதலே சொல்லியிருக்கலாமே. சரி சரி. வேட்டி எடுத்தாச்சோ எனக்கு?"

வீட்டில் பால் காய்ச்சாத குறை. பெரியப்பா சந்தோசத்தைத் தன்னோடு வைத்திருக்கும் மனிதர் அல்லர். அன்றே குடும்பக் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார்: "சொந்தங்களுக்கு வணக்கம். விசயம் விளங்காமல் ஒருவரும் கவலைப்படத் தேவையில்லை. கூட்டத்துக்கு ஞாபகத்திலை நிக்காத முகங்கள்தான் வேணுமாம். அதுதான் உங்களைப் போட்டிருக்கிறான். என்ரை முகம் அதுக்குச் சரிவராதாம். நன்றி."

சிலர் குழுவை விட்டு வெளியேறினார்கள். கனகேஸ்வரி பதிவை இரண்டாம் தரம் கேட்டுவிட்டு, கண்ணாடி முன் கொஞ்சநேரம் நின்றார். மகனோடு கதைக்கவில்லை. ஆனால் அதை வீட்டுக்குள் தீர்க்கலாம். கொட்டாஞ்சேனையில் பெரியம்மா அலுமாரியைப் பூட்டி, கலியாணத்துக்கு வாங்கிய சேலையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது.

சாரங்கன் போனான். விறாந்தையில் பெரியப்பா பேப்பரோடு. பெரியம்மா தேத்தண்ணி வைத்துவிட்டு எதிரில் இருந்தார்.

"என்ரை முகம் ஒருத்தற்றை ஞாபகத்திலையும் நிக்காது எண்டனியாம்."

"ஐயோ பெரியம்மா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப என்ரை முகமும் எடுப்பான முகமோ?"

"ஓம்... வடிவான முகம்."

"பிறகேன் என்னைப் போட்டனி? எடுப்பான முகம் சரிவராது எண்டியே."

பேப்பர் கீழே இறங்கியது. மீசை தெரிந்தது. "சொல்லு தம்பி" என்றார் பெரியப்பாவும், மிகுந்த ஆவலோடு.

பெரியம்மாவின் முகம் எடுப்பானது என்றால், பெரியப்பாவை விட்டதற்குக் காரணம் இல்லாமல் போகும். இல்லை என்றால் பெரியம்மா வரமாட்டார். சாரங்கன் தேத்தண்ணியைக் குடித்தான். சூடு தெரியவில்லை. கோப்பை முடிந்த பிறகும் கொஞ்சநேரம் குடித்துக்கொண்டிருந்தான்.

"விளங்கிச்சு" என்று பெரியம்மா கோப்பையை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

கலியாணத்தன்று பெரியப்பா மண்டபத்துக்குத் தனியாக, புது வேட்டியில், மீசைக்கு எண்ணெய் பூசி வந்திறங்கினார். "உவள் பிறகு வாறன் எண்டவள்" என்றார். வேறு விளக்கம் இல்லை. ஐயர் இரண்டு தரம் கேட்டார்: "தாரை வார்க்கிற அம்மா எங்கை?" சாரங்கன் வாசலுக்கு ஓடினான். வீதிக்கு ஓடினான். போன் அடித்தான், அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப உள்ளே வந்து, கதிரை வரிசைகளைத் தாண்டி, சாப்பாட்டு மண்டபம் வரை ஓடிப் பார்த்தான். முகூர்த்தம் காத்திருக்கவில்லை. கிருலப்பனையில் இருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் இருவர், இடியப்பம் சாப்பிட்டு முடித்த கையோடு, கணவனும் மனைவியுமாக மணவறைக்கு ஏற்றப்பட்டார்கள். "பிள்ளையின்ரை பேர் என்ன?" என்று அந்த அம்மா ஐயரிடம் மெதுவாகக் கேட்டது ஒலிவாங்கியில் எல்லோருக்கும் கேட்டது. தனுஷியா தலை நிமிரவில்லை. பெரியப்பா முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, மீண்டும் கோபத்தோடு இருந்தார்.

தாலி கட்டி, அரிசி போட்டு முடிந்து, ஆட்கள் எழும்பியபோதுதான், கடைசிக்கு முந்திய வரிசையில், பழைய நீலச் சேலையில், மடியில் கைப்பையோடு இருந்த ஒருவரைச் சாரங்கன் கண்டான்.

"பெரியம்மா! எப்ப வந்தனீங்கள்?"

"ஐயர் வர முந்தி."

"நான் உங்களைத் தேடி ஓடித் திரிஞ்சனான்!"

"ஓம், கண்டனான். மூண்டு தரம் எனக்கு முன்னாலைதான் ஓடினனி."

"கூப்பிட்டிருக்கலாமே, பெரியம்மா..."

"அண்டைக்கு, உங்கடை முகம் மறக்கிற முகம் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நான் ஏன் தம்பி இஞ்சை வந்து இருந்து, ஆரும் என்னைக் காணுகினமோ எண்டு பாக்கிறன்?"

கைப்பையைத் திறந்து, மணமக்களுக்கான பார்சலை அவன் கையில் வைத்தார். பிறகு சாப்பாட்டுக்குப் போகும் வரிசையில் போய் நின்றார். பந்தியில் பரிமாறியவர்கள் அவருக்கு மட்டும் பாயாசம் வைக்க மறந்து போனார்கள்.