அவர் பெயரில் வந்த குப்பை

சமாதானப் பேச்சு முறிந்து, கொழும்பில் மறுபடியும் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஊர்க்காரர் அதற்கு முன்பே நாலு திசையிலும் சிதறிக் கிடந்தோம். கனடாவில் இருந்த ஒரு அண்ணை, ஊர்ச் சனத்தை ஒன்றுசேர்க்கிறேன் என்று ஒரு மின்னஞ்சல் குழுமம் தொடங்கினார். யாரோ ஒரு வெளிநாட்டுக் கொம்பனி இலவசமாகக் கொடுத்த இடம் அது. ஒருவர் எழுதினால் எல்லாருடைய பெட்டிக்கும் போகும். சும்மா கிடைக்கிறது என்றால் எங்கள் ஆட்களைக் கேட்கவா வேண்டும்? கொஞ்ச நாளிலேயே ஊர் முழுக்க அங்கே வந்து குந்திவிட்டது.

எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் பெயரைக் கேட்க மாட்டார்கள். "நீர் ஆற்ற மகன்? எவடம்? ஆரைக் கட்டினனீர்? இப்ப எங்க இருக்கிறீர்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லி முடித்தால்தான் மனிதனாக மதிப்பார்கள். குழுமத்திலும் அதே கதைதான். சேர்ந்தவுடன் அறிமுகம் எழுத வேண்டும். இரண்டு வரியில் எழுதித் தப்பப் பார்த்தால் கனடா அண்ணை விடமாட்டார். "இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதும்" என்று திருப்பி எழுதுவார்.

என் சிநேகிதியின் கணவர் அந்த அறிமுகத்தை மிக அழகாக எழுதியிருந்தார். நேரில் நாலு வார்த்தை பேசாத மனிதர் அவர். தகப்பன் யார், தாயின் ஊர் எது, கொழும்பு கொட்டாஞ்சேனையில் எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலுக்குப் பின்னால், எந்தக் கட்டடத்தின் மேல்மாடி, எங்கே வேலை, எத்தனை மணிக்குப் பிறகு தொலைபேசியில் பிடிக்கலாம் எல்லாம் அதில் இருந்தது. ஊர்க்காரர் யாராவது கொழும்புக்கு வந்தால் தங்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

பிறகு குழுமத்துக்குக் குப்பை விளம்பரங்கள் வரத் தொடங்கின. முதலில் மலிவு விலை மணிக்கூடுகள், பிறகு ஆண்களுக்கான மருந்துகள். ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார் ஒருவர், "இந்த மருந்து எந்த நோய்க்கு? அனுப்பியவர் தயவுசெய்து விளக்கவும்" என்று குழுமத்திலேயே கேட்டு எழுதினார். நானும் சிநேகிதியும் போனில் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

என் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவரிடம் இதைச் சொன்னேன். அவர் குழுமத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தார். நாங்கள் எழுதிய அத்தனையும் திரையில் வந்து விழுந்தது. அவர் உறுப்பினர்கூட இல்லை. யாரும் வாசிக்கலாம், முகவரிகளை அள்ளிக்கொண்டு போகலாம், அந்த முகவரிக்காரர் எழுதுவதுபோலவே மற்றவர்களுக்கு அனுப்பலாம், அதற்கு ஆள்கூடத் தேவையில்லை, இயந்திரமே செய்யும் என்றார். அன்றே கனடா அண்ணைக்கு எழுதினேன். "தங்கச்சி, எங்கட ஊர்க்கதை வேற ஆருக்கு வேணும்?" என்று பதில் போட்டார். பனிக்குள் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது சுகம்தான்.

அந்த மழைக்காலத்தில் சிநேகிதியின் கணவர் காணாமல் போனார். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஆட்களைக் கடத்திப் போகும் வெள்ளை வான் ஒன்றில் ஏற்றியதைக் கண்டதாகச் சந்திக் கடைக்காரர் சொன்னார். மறுநாள் போய்க் கேட்டபோது தான் எதையும் காணவில்லை என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். என் சிநேகிதி மகளையும் கூட்டிக்கொண்டு பொலிஸ், முகாம் என்று ஏறாத படி இல்லை.

ஒருநாள் அவள் என்னிடம், "அவர் எழுதின அறிமுகத்தைப் பார்த்துத்தான் வந்தாங்களோ?" என்று கேட்டாள். கொட்டாஞ்சேனையில் தமிழர் இருந்த வீடெல்லாம் பொலிஸ் பதிவில் இருந்தது, எங்களைத் தேடி வர ஒருவருக்கும் இணையம் தேவைப்படவில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனாலும் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அவர் எழுதியிருக்கிறார். நான் வாறன், நீ வீட்டிலேயே நில்."

பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். தலைகூட ஒழுங்காக வாரி இழுத்திருக்கவில்லை. என் கணினியில் தன் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து காட்டினாள். அவருடைய பெயர், அவருடைய முகவரி. எப்படி இருக்கிறாய், இதைப் பார் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே மணிக்கூட்டு விளம்பரம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த இயந்திரத்தை ஓட்டியவன் எந்த நாட்டுக்காரனோ, அவன் என் முன்னால் நின்றிருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

"இது அவர் எழுதினது இல்லை. பேரை மட்டும் களவெடுத்து அனுப்புறாங்கள்" என்றேன்.

"அவற்ற பேரெல்லோ இருக்கு? எங்கையோ வைச்சிருக்கிறாங்கள். நேரா எழுதேலாதெண்டுதான் இப்பிடி அனுப்புறார். மணிக்கூடு போட்டிருக்கிறார், பார். நேரம் வரும், பொறுத்திரு எண்டு சொல்லுறார்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் அந்த முகவரிக்கு எழுதத் தொடங்கினாள். கொட்டாஞ்சேனையில் ஒரு நெட் கபேயில் உட்கார்ந்து எழுதுவாள். என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதில்லை. அவர் பெயரில் குழுமத்துக்கு விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் திறந்து படித்தாள், அந்த மருந்து விளம்பரங்களையும்கூட. உறுப்பினர்கள் முறைப்பாடு செய்யக் கனடா அண்ணைக்கு ஒருவழியாக உறைத்தது. குழுமத்தைப் பூட்டி, அந்த முகவரியை நீக்கப் போவதாக எழுதினார்.

அவள் எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அவரை வெட்ட வேண்டாமெண்டு சொல்லு. அவற்ற பேரில இது ஒண்டுதான் வருகுது."

நான் அண்ணையோடு பேசினேன். அவர் மறுமுனையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, விடுவம்" என்றார். அதற்குப் பிறகு அவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது.

ஒரு பின்னேரம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள்.

"நான் எழுதினது திரும்பி வந்திட்டுது. என்னவாம் எண்டு வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதையும் ஏற்காது என்று இருந்தது. அந்தக் காலத்து இலவசப் பெட்டிகள் சின்னவை. எங்களுக்கு வந்த குப்பையெல்லாம் அவருக்கும் வந்திருக்கிறது. நாங்கள் அழித்தோம். அங்கே அழிக்க ஆளில்லை.

"பெட்டி நிரம்பிட்டுதாம். புதுசா ஒண்டும் போகாதாம்."

அவள் கதிரையில் அப்படியே இருந்தாள்.

"அப்ப ஒண்டையும் அவர் துறக்கேல்ல, என்ன?"

நான் ஓமென்று தலையாட்டினேன்.

"பிள்ளை வயசுக்கு வந்து சாமத்தியப்பட்டதை எழுதினனான்" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள்.

"அந்தக் குப்பையைக் கொஞ்சம் அள்ளிவிடேலாதோ? இன்னும் எழுதவேண்டியது கிடக்கு."

"அதுக்கு அவற்ற பாஸ்வேர்ட் வேணும். உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றாள். "அவர் வரட்டும், கேட்டுச் சொல்லுறன்."