மேட்ரனம்மாவின் ஸ்டூல்

இடைவேளையில் யாரோ கூல்டிரிங்ஸைக் கொட்டிவிட்டார்கள். துடைக்க வந்தவர் ஃபினாயில் ஊற்றினார். அவ்வளவுதான், அம்பத்தூர் தியேட்டரின் மெத்தை இருக்கை எனக்கு முள்ளாகிவிட்டது. நர்ஸ் வேலைக்கு மரியாதை தேடித் தந்த ஒரு முன்னோடியின் வாழ்க்கைப் படம் அது. காலமெல்லாம் நர்ஸாக நின்றவள் பார்க்கட்டும் என்று மகள்தான் அழைத்து வந்திருந்தாள். திரையில் அந்த அம்மையார் காலரா வார்டுக்குள் வந்தார். சாகக் கிடந்தவனின் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். வயலின் இழுத்தது. மகள் மூக்கை உறிஞ்சினாள். நான் பதறி எழுந்துவிட்டேன். பேஷண்ட் கட்டிலிலா!

"யக்கா, உக்காருக்கா. ஒண்ணும் தெரியல," என்றது பின்வரிசை.

உட்காரவா? உட்காரத் தெரிந்த உடம்பா இது? பூந்தமல்லியில் நான் முதலில் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு நாற்காலி கிடையாது. கேஸ் ஷீட் எழுதும்போது நின்றோம். எழுத ஒன்றும் இல்லாதபோதும் சுவரில் சாயாமல் நின்றோம். எனக்கு ஏழாம் மாதம், பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரனம்மா அதைப் பார்த்தார். மறுநாள் தன் வீட்டு இரும்பு ஸ்டூலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுவந்து வார்டு நடுவில் போட்டார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் நான் எழப்போனேன். என் தோளில் மேட்ரனம்மாவின் கை விழுந்து அழுத்தியது. அந்தக் கனம் இன்னும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி மேனேஜர் ஓடிவந்தார். "மேட்ரன், இது இன்னா பஸ் ஸ்டாண்டா?"

"பஸ் ஸ்டாண்டுலயே பெஞ்ச் கீது சார்."

வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்புதான் மேனேஜரைச் சுட்டிருக்க வேண்டும். "ஒண்ணு, ஸ்டூல் வெளிய போவணும். இல்லாட்டி நீங்க போவணும்."

மேட்ரனம்மா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நான் போறேன். ஸ்டூல் இருக்கட்டும். எல்லாரும் கேட்டுக்கினீங்க இல்ல?"

பிரசவ லீவில் நான் போகும்வரை அந்த ஸ்டூலை யாரும் அங்கிருந்து எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே உட்கார்ந்தாலும், எனக்குப் பதிலாக யாரோ எங்கோ நின்றுகொண்டிருக்கிறார் என்று உள்ளே ஓர் அரிப்பு. பாதி உட்கார்கிறேன், பாதி எழுகிறேன். அன்று வயிற்றில் இருந்தவள் இன்று சாய்ந்து உட்கார்ந்து அழுகிறாள். நன்றாக உட்காரட்டும்.

மீதிப் படத்தைக் கதவோரம் நின்றே பார்த்தேன். அம்மையாருக்கு மாலை விழுந்தது. ஃபினாயில் வாசம் போகவில்லை. என் கண்ணில் தெரிந்தது, அன்று வேலையை விட்டு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, டிபன் கேரியரோடு பஸ்ஸுக்கு நின்ற மேட்ரனம்மாதான். அன்று மூச்சிரைக்கப் போய் அவர் கையைப் பிடித்தேன். "நீங்க போயிட்டா எப்படிம்மா..." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைத்தான் பார்த்தார்.

"இன்னாத்துக்குடி இங்க வந்து நிக்கிற? உள்ள போய் உக்காரு. எவன் வந்தாலும் எய்ந்துக்காத. ஆனா பேஷண்ட் கட்டில்ல மட்டும் உக்காராத, சொல்லிட்டேன்."