இருநூற்று ஒன்று வாங்கிய பள்ளிக்கூடம்

“முடிவு பண்ணிட்டேன், பேசாமடந்தை!” என்றாள் சலவைக் கடை அக்கா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு.

தேய்த்த துணியை வாங்க வந்திருந்தவள் கல்வி அலுவலகத்தில் எழுத்தர். வாய் திறக்காதவளுக்கு அக்கா வைத்த பெயர் அது.

“என்னக்கா முடிவு?”

“சின்னவளை எங்க சேர்க்கறதுன்னு. உங்க ஆபீஸ் அட்டவணையை ஒண்ணு விடாம கூட்டிட்டேன்.”

“கூட்டினீங்களா!”

“மார்க் ஷீட்டைக் கூட்டாம எப்படிப் பார்க்கறது? ஆத்தங்கரைப் பள்ளிக்கூடம் இருநூத்தி ஒண்ணு! நம்ம தெருமுனைப் பள்ளிக்கூடம் மொத்தமே நாப்பத்தி மூணு. பாவம், தேறாது.”

எழுத்தர் அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். ஆற்றங்கரைப் பள்ளிக்கு நேரே மூன்று எண்கள். நாற்பத்திரண்டு, தரவரிசை, ஊரில் இருப்பதே நாற்பத்திரண்டு பள்ளிகள்தான். அறுபத்து நான்கு, ஒரு வகுப்பில் நெருக்கியடித்து உட்காரும் பிள்ளைகள். தொண்ணூற்றைந்து, நடக்க ஆகும் நிமிடங்கள். அக்கா கூட்டியதில் ஒரு பிசகும் இல்லை. எந்த எண் கூடினால் நல்லது, எது குறைந்தால் நல்லது என்று அட்டவணையில்தான் ஒரு வரிகூட இல்லை.

எந்தப் பள்ளி வேண்டும் என்று எழுதிய படிவம் ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் எங்கே இடம் மிச்சம் இருக்கிறதோ அங்கேதான். மணி நாலே கால்.

“அக்கா, கடைசிப் பள்ளிக்கு முதல் பரிசு குடுத்துட்டீங்க” என்று விஷயத்தைச் சொன்னாள்.

“ஐயோ! எந்த மகராசி போட்ட அட்டவணை இது? கையில கிடைச்சா பெட்டியை வச்சுத் தேய்ச்சிடுவேன்.”

“நான்தான்கா போட்டேன்.”

அக்கா இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அடுத்த நொடி இருவருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா மேசையிலேயே சாய்ந்துவிட்டாள்.

சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுத்தர், மடித்த சட்டைக்குள் வைக்கும் அட்டைகளை உருவினாள். அவர்கள் வட்டாரத்துக்கென்று அட்டவணையில் இருந்தவை ஆறு பள்ளிகள்; பள்ளிக்கு ஓர் அட்டையாக எழுதினாள். தெருமுனைப் பள்ளியின் அட்டையில்: ‘நடந்தால் பத்து நிமிடம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். தரத்தில் மூன்றாவது.’ பத்து வருடமாக நின்றே வேலை செய்பவள் அக்கா. சட்டையைத் தொட்டாலே எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவாள். ஆறு அட்டைகளையும் துணி பிரிப்பதைப் போல் மளமளவென்று மூன்று குவியலாக்கினாள்: வேணும், பரவாயில்லை, வேணவே வேணாம். தெருமுனைப் பள்ளி முதல் குவியலின் உச்சியில் உட்கார்ந்தது.

பழைய படிவத்தில் ஆற்றங்கரைப் பள்ளி என்று மையில் நிரப்பியாகிவிட்டது, புதியது அலுவலகத்தில்தான் கிடைக்கும். ஓடினார்கள். யார் வீட்டுக் கால்சட்டையோ அக்காவின் தோளில் தொங்கியபடி கூடவே வந்தது. காவலாளி கதவைச் சாத்தக் கை வைத்தபோது அக்கா அந்தக் கால்சட்டையைத்தான் இடுக்கில் நுழைத்தாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது.

தெருமுனைப் பள்ளியே கிடைத்தது. சேர்க்கை அன்று, சின்னவளின் சீருடையை நீவிக்கொண்டே அக்கா சொன்னாள்:

“அடுத்த வருஷம் அச்சடிக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை எங்கிட்ட ஒரு தடவை காட்டு, பேசாமடந்தை. நான் கூட்ட ஆரம்பிச்சேன்னா, கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுது.”