தானாக நிரம்பும் கட்டம்

"திரு. கு. பகவதிப்பெருமாள், முதுநிலை சர்வதேசத் தரவு வல்லுநர். இருநூற்று நாற்பத்தொன்பது நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் ஆழ்ந்த அனுபவம் கொண்டவர்."

கம்பெனி அச்சடித்த விளம்பரப் புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் இப்படித்தான் இருக்கிறது. மேலே அவருடைய படம். கோட்டு யாருடையதோ, தோள் இரண்டும் அரை சாண் கீழே இறங்கி நிற்கின்றன.

இந்த ஆழ்ந்த அனுபவத்தின் எல்லைகளைச் சொல்லிவிடுவது நல்லது. தெற்கே நாகர்கோவில். வடக்கே கொல்லம், அதுவும் ஒரு கல்யாணத்துக்குப் போய், பாயசம் குடித்த கையோடு அடுத்த பாசஞ்சரைப் பிடித்துத் திரும்பியதுதான். பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தை அவர் நெருக்கத்தில் கண்டது சங்குமுகம் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தபோது.

ஆனாலும் புத்தகம் முழுப் பொய் சொல்லவில்லை. குக் தீவுகள் என்று சொல்லிப் பாருங்கள். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "சி.கே., சி.ஓ.கே., நூற்று எண்பத்து நாலு, போன் கோடு அறுநூற்று எண்பத்திரண்டு, தலைநகர் அவருவா" என்பார். அங்கே ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டால், "அது நம்ம டேபிள்ல இல்ல" என்பார். உலகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, உலகத்தைத் தவிர.

"அங்கிள், நீங்க ஒரு தடவை கோவளமாவது போய்ட்டு வாங்கோ. வெளிநாட்டுக்காராளை நேர்ல பாத்துடலாம் அல்லே?" என்று கேலி செய்வாள் ஸ்நேகா. கரமனை அக்ரகாரத்துப் பெண். அவர் தயாரிக்கும் பட்டியல்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை.

அந்தப் பட்டியல்கள் 'நாடறி' என்ற மென்பொருளுக்குள் போகின்றன. தம்பானூரில் ஒரு மாடியில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியின் ஒரே சரக்கு அது. மூன்று எழுத்தையோ மூன்று இலக்கத்தையோ போன் எண்ணையோ தட்டினால், அது எந்த நாடு, என்ன நாணயம், நம்மைவிட எத்தனை மணி முன்னே, சாலையில் இடது பக்கமா வலது பக்கமா என்று எல்லாம் சொல்லிவிடும். கூரியர்காரர்கள், ஆஸ்பத்திரிகள், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக நடக்கும் கடல்கடந்தோர் உதவி மையம் என்று நூற்றுச் சொச்சம் பேர் அதை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பகவதிப்பெருமாளுக்கு இந்த ஞானம் வந்த இடம் ஆரியசாலை. அங்கே பருப்பு மொத்தக் கடையொன்றின் மாடிப்படிக்கு அடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஐ.எஸ்.டி. பூத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் "துபாய்க்குப் போடுங்க" என்பார்கள். மகன் மஸ்கட்டில் இருந்தாலும் துபாய்தான், தோஹாவில் இருந்தாலும் துபாய்தான். வாயால் சொன்ன ஊரைக் கேட்டு எண்ணைச் சுழற்றிப் பலமுறை அவமானப்பட்ட பிறகு, அவர் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்: ஆளிடம் நாட்டைக் கேட்பதில்லை. சீட்டில் இருக்கும் எண்ணைப் பார்ப்பது. நாட்டை எண் சொல்லும். அந்தச் சட்டம் அவரை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

செல்போன் வந்து பூத்துக்குப் பூட்டுப் போட்ட பிறகு, அவரை நாடறிக்குக் கூட்டி வந்தவர் கம்பெனி முதலாளி பத்மஜா. வந்த சில வருடங்களில் பெருமாள் ஒரு யோசனை சொன்னார். படிவங்களில் 'நாடு' என்ற கட்டத்தை ஜனங்களே நிரப்ப விடக்கூடாது. போன் எண்ணை எழுதியதும் நாடு தானாக விழ வேண்டும். விழுந்த பிறகு யாராலும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட வேண்டும்.

"பெருமாள் சாரே, ஒருத்தருக்காவது மாத்த வேண்டி வந்தால்?" என்று அன்று பத்மஜா கேட்டார்.

"ஒரு ஆளுக்காக விதியை மாத்தினா, அப்புறம் எல்லாரும் துபாய்தான் மேடம்."

அறை சிரித்தது. யோசனை பதினாலாம் விதியாக உள்ளே போயிற்று. வாங்கியவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.

இனி முத்தாரம்மாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, அந்த மாடியைக் கூட்டித் துடைத்து, இரண்டு வேளை டீ கொண்டுவரும் அம்மாள். கட்டட வேலைக்கு வந்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் ஒரே மகன், தளவாய். டிப்ளமா முடித்தவன். பாங்காக்கில் கம்ப்யூட்டர் வேலை என்று ஓர் ஏஜெண்டு அழைத்துப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மகன் வெளிநாட்டில் நிலைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில், போன வாரம் அவள் எல்லார் மேஜையிலும் ஆளுக்கொரு லட்டு வைத்தாள்.

இந்த வாரம் திங்கட்கிழமை, டீத் தட்டைக் கீழே வைக்காமலே பெருமாளின் மேஜை முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, இது எந்த ஊரு நம்பருன்னு பாத்துச் சொல்லுங்க."

போனை வாங்கிப் பார்த்தார். அறுபத்தாறில் தொடங்கியது. பார்க்கவே வேண்டியதில்லை, இருந்தாலும் தொழில் மரியாதைக்கு நாடறியில் தட்டினார். "தாய்லாந்து. டி.ஹெச். தலைநகர் பாங்காக். நாணயம் பாட். நம்மளவிட ஒண்ணரை மணி நேரம் முன்னாடி. இடது பக்கம் வண்டி ஓட்டுவாங்க."

"எல்லாஞ் சரி அண்ணாச்சி. இதுல எம் மவன் எங்க இருக்கான்?"

பிறகுதான் விஷயம் வந்தது. பாங்காக்கில் இறங்கிய அன்றே வேனில் ஏற்றி, ஒரு பகல் முழுக்க ஓட்டி, ஒரு ஆற்றைப் படகில் கடத்திக் கொண்டு போயிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். பெண்பிள்ளைப் பெயரில் ஊர் உலகத்து ஆண்களோடு போனில் கொஞ்சி, ஏமாற்றிப் பிடுங்குகிற வேலை. செய்யாவிட்டால் அடி. ஒளித்து வைத்த ஒரு போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறான். வெள்ளிக்கிழமை அங்கே அடைபட்டிருப்பவர்கள் எல்லாரையும் வேறு முகாமுக்கு விற்கப் போகிறார்களாம். அங்கே போனால் இந்தப் போனும் இருக்காது.

"அழாத முத்தாரம்மா. அதுக்குன்னே ஒரு மையம் இருக்கு" என்றார் பெருமாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது; அந்த மையத்தின் படிவத்துக்கு நாடு போடுவதே நாடறிதான். அங்கேயே திறந்தார். பெயர், வயது, ஏஜெண்டு, அவன் சொன்ன வேலை விலாசம், அழைப்பு வந்த எண். எண்ணை எழுதியதும் நாடு என்ற கட்டத்தில் 'தாய்லாந்து' என்று அழகாக விழுந்து சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. நாட்டைப் பொறுத்து மனு அந்தந்த நாட்டு மேஜைக்குப் போகும்.

செவ்வாய் மாலை பதில் வந்தது. தளவாய் முறைப்படி தாய்லாந்துக்குள் வந்திருக்கிறார். குறிப்பிட்ட விலாசத்தில் அப்படி யாரும் இல்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது. அவ்வளவு வேகத்தில் ஒரு மனு முடிந்ததைப் பெருமாள் அதற்கு முன் கண்டதில்லை.

புதன் காலையில் முத்தாரம்மாள் இன்னொரு செய்தி கொண்டுவந்தாள்.

"இன்னைக்குக் காலம்பற ஆறு மணிக்குப் பேசினான் அண்ணாச்சி. நாளைக்கும் சாப்பாட்டுக் கொட்டகைக் கடியாரம் ஏழு அடிக்கையில போடுதேம்மா, ஆனா செல்லுல ஏழரைன்னு காட்டும், நீ கொழம்பிக்கிடாதன்னான். புள்ளைக்கு அடிச்ச அடியில புத்தி பெசகிட்டோ என்னமோ."

பெருமாள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். நமக்கு ஆறு என்றால் தாய்லாந்தில் ஏழரை. சுவரில் ஏழு என்றால், நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னே. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு நாடுதான் உண்டு. எம்.எம்., போன் கோடு தொண்ணூற்றைந்து. ஆற்றுக்கு இந்தக் கரையில் நிற்கும் தாய்லாந்துச் செல்போன் கோபுரத்தின் அலை அந்தக் கரைக்கும் எட்டுகிறது; அதனால் செல் தாய்லாந்து நேரம் காட்டுகிறது, பையன் நிற்பது வேறு மண்.

"அவன் புத்தியெல்லாம் சரியாத்தான் இருக்கு. பர்மால இருக்கான்" என்றார்.

"பர்மாவா? அப்போ கண்டுபுடிச்சாச்சா?" என்று அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. பெருமாளுக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது. மறுபடி படிவத்தைத் திறந்தார். எண்ணை எழுதினார். தாய்லாந்து விழுந்தது. கட்டத்தைத் தொட்டார், அசையவில்லை. எண்ணை விட்டுவிட்டு அனுப்பப் பார்த்தார்; எண் கட்டாயம் என்று சிவப்பில் அதட்டியது. 'கூடுதல் குறிப்பு' என்ற இடத்தில் பர்மா, பர்மா என்று மூன்று முறை எழுதி அனுப்பினார். பிற்பகலில் அதே தாய்லாந்து மேஜையிலிருந்து அதே பதில், எழுத்துக்கு எழுத்து. மையத்துக்குப் போன் செய்தார்.

"நாடு தானே வரும் சாரே. நம்மால மாத்த ஒக்காது" என்றது ஓர் இளைஞன் குரல்.

"தப்பா வருதுன்னு சொல்லுதேன்."

"தப்பு வராது. அது நாடறியாக்கும். நல்ல சாஃப்ட்வேர். சாருக்குத் தெரியாது போல."

"தெரியும்" என்றார் பெருமாள்.

பஸ் ஏறி நேரிலேயே போனார். மேஜையில் இருந்த உத்தியோகஸ்தர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, எல்லாவற்றையும் கேட்டு, ச்சோ ச்சோ என்றார். கையால் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். வாங்கி, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். தாய்லாந்து விழுந்தது. இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பர்மாவில், யாங்கூனில் இருக்கும் நம் தூதரகத்துக்கு நேரே மின்னஞ்சல் போட்டால் என்ன என்று பெருமாளுக்குத் தோன்றியது. விலாசம் நாடறியிலேயே இருந்தது. போட்டார். ஒரு நிமிஷத்தில் பதில்: தயவுசெய்து உதவி மையத்தின் படிவத்தில் பதிவு செய்யவும்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஸ்நேகாவிடம் அந்த ஒரு கட்டத்தைத் திறந்துவிட முடியுமா என்று கேட்டார். அவள் தேடிப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ அங்கிள், பதினாலாம் விதி. கோரியவர்ங்கற எடத்துல உங்க பேருதான் இருக்கு."

"தெரியும்மா. திறக்க முடியுமா?"

"என்னால ஆகாது. மேடம் ஒத்துக்கணும், மையம் எழுதித் தரணும், டெஸ்டிங் இருக்கு. மூணு வாரம்."

பத்மஜா கல்நெஞ்சக்காரர் அல்ல. கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "எனக்கு மட்டும் மனசில்லையா சாரே? இன்னைக்கே மையத்துக்கு எழுதறேன். ஆனா அவங்க அனுமதி வராம நான் தொட்டா, நூறு இடத்துல படிவம் நின்னுபோகும். ஒரு ஆளுக்காக..." என்று ஆரம்பித்தவர், யாருடைய வாக்கியம் அது என்று நினைவு வந்தோ என்னவோ, பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை முத்தாரம்மாள் தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெருமாளின் மேஜையைச் சுற்றி மட்டும் நாலு தடவை துடைத்தாள்.

"காலம்பற பேசினானா?" என்று அவர்தான் கேட்டார்.

"பேசினான் அண்ணாச்சி. பர்மான்னு சொன்னேன். அது எங்கம்மா இருக்குன்னு கேக்கான்."

பெருமாள் திரையைப் பார்த்தார். எம்.எம்.ஆர்., நூற்று நாலு, நாணயம் கியாட், வண்டி வலது பக்கம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதில் இருந்தது. அதில் ஒன்றும் அந்தப் பையன் கைக்குப் போய்ச் சேரும்படி இல்லை.

பத்தே முக்காலுக்கு நாற்காலியைப் படிவத்துக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். பெயர், வயது, ஏஜெண்டு எல்லாவற்றையும் மூன்றாம் முறையாக எழுதினார். எண் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பூத்தில் இருந்த பத்து வருடத்திலும் இங்கே இருந்த வருடங்களிலும் ஒரு இலக்கத்தைக்கூட அவர் கற்பனையில் எழுதியதில்லை. ஏழா ஒன்றா என்று தெரியாத கையெழுத்துக்காக ஜனங்களை வெயிலில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

தொண்ணூற்றைந்து என்று தட்டினார். பின்னால் ஒரு ஒன்பது. அதற்குப் பின்னால் மனதுக்கு வந்த எட்டு இலக்கங்கள். நாடறி அதைச் சரிபார்த்து, செல்லுபடியாகும் எண் என்று பச்சை காட்டியது. நாடு என்ற கட்டத்தில் மியான்மர் விழுந்து பூட்டிக்கொண்டது. உண்மையான எண்ணைக் கூடுதல் குறிப்பில் எழுதினார். முத்தாரம்மாளின் எண்ணை உள்ளூர்த் தொடர்பில் போட்டார்.

மனு யாங்கூன் மேஜைக்கு அனுப்பப்பட்டது என்று பன்னிரண்டு மணிக்கு ஒரு வரி வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடிக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. அவர்களை விற்றுவிட்டார்களா, போன் பிடிபட்டுவிட்டதா, மேஜையில் யாராவது குறிப்பைப் படித்தார்களா என்று இதை எழுதும்வரை தெரியவில்லை. மனு மட்டும் இன்னும் முடித்து வைக்கப்படவில்லை. அதைப் பெருமாள் முத்தாரம்மாளிடம் தினமும் காலையில் ஒரு முறை சொல்கிறார்.

பகவதிப்பெருமாள் செய்தது இதுதான்: வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, யாருடையது என்று தெரியாத ஒரு பர்மா எண்ணைத் தளவாயின் எண் என்று எழுதி அனுப்பினார்.