நூற்றுக்கு நூறு கவரேஜ்

தையல்காரம்மாவுக்குப் பேச வராது என்று தெருவில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரும். ஆனால் வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி வேலை செய்கிறவளின் பதிலுக்கு யார் காத்திருப்பார்கள்? அவளுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஊர்ப்பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கால்சட்டைக்கு ஜிப் மாற்றிவிடலாம்.

கணவன் சரக்கு லாரியோடு எங்காவது ஓடிக்கொண்டிருப்பான். வீட்டிலிருந்த ஒரே நல்ல போனும் அவனோடுதான் ஓடியது. மகள் பத்தாவது படித்தாள். மாதக் கடைசி சனிக்கிழமை, விடுதியோடு கூடிய இலவச மேல்நிலைப் படிப்புக்கு ஒரு தேர்வு இருந்தது. அதை இணையத்தில் மட்டுமே எழுத முடியும். தேறினால் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. தேறாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்த கணவன், போன தடவை வந்தபோதே வீட்டில் இன்னொரு தையல் மெஷின் போட இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டுப் போயிருந்தான்.

இந்த நேரத்தில்தான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் டேப்லெட் கொடுத்தார்கள். விழா அமர்க்களமாக நடந்தது. "இனிமே உலகமே உங்க உள்ளங்கையில!" என்று மேடையில் ஒரு பெரிய மனிதர் முழங்கினார். போட்டோ எடுத்து முடிக்கும்வரை உலகம் பிள்ளைகளின் உள்ளங்கையிலேயே இருந்தது. அதன் பிறகு தலைமை ஆசிரியர் அதை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. ஒவ்வொரு டேப்லெட்டுக்கும் கவரேஜ் இருப்பதை உறுதி செய்த பிறகே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமாம். தலைமை ஆசிரியர் இலக்கணம் கற்றவர். கவர் என்றால் உறை. கவரேஜ் என்றால் எல்லாவற்றுக்கும் உறை. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நேராகத் தையல்காரம்மாவின் வாசலுக்கு வந்து நின்றார்.

"கெட்டித் துணியா இருக்கட்டும்மா. உள்ள பஞ்சு வச்சிடுங்க. மாடியிலேர்ந்து போட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. மேலிடத்து உத்தரவு."

வாயில் குண்டூசி இருந்ததால் அவள் தலையாட்டினாள்.

மாலையில் விஷயத்தைக் கேட்ட மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா! கவரேஜ்னா சிக்னல்மா. பிள்ளைங்க வீட்டுல டவர் கிடைக்குதான்னு பாக்கச் சொன்னா, இவரு கவர் தைக்கக் கிளம்பிட்டாரு. நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

தையல்காரம்மா குண்டூசிகளை எடுத்து மேஜையில் வைத்தாள். "சொன்னா என்ன பண்ணுவாரு?"

"டவர் வேணும்னு எழுதிப் போடுவாரு."

"டவர் எப்ப வரும்?"

மகள் யோசித்தாள். "என் பொண்ணு பத்தாவது படிக்கிறப்ப வரலாம்."

"கவர்?"

"நீ தச்சா ஒரு வாரத்துல வந்துடும்."

"அப்ப வாய மூடிக்கிட்டு இந்தப் பட்டனைத் தை."

உறைகள் தயாராயின. மூடி, பட்டன், தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை என்று ராஜ மரியாதையோடு டேப்லெட்டுகள் வீடு வந்து சேர்ந்தன. சிக்னல்தான் கூட வரவில்லை. அவர்கள் தெரு இரண்டு பெரிய கிடங்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட தெரு. ஜன்னலோரம் எப்போதாவது ஒரு கோடு தெரியும். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டு மறைந்துவிடும்.

தேர்வுக்கு முதல் நாள் மேலிடத்து அதிகாரி பள்ளிக்கு வந்தார். "கவரேஜ் எப்படி?"

"நூத்துக்கு நூறு சார்! பட்டன்கூட வச்சிருக்கோம்."

பட்டன் எதற்கு என்று அதிகாரிக்குப் புரியவில்லை. ஆனால் நூற்றுக்கு நூறு என்று கேட்ட பேனா அதற்கு மேல் நிற்குமா? எழுதிக்கொண்டு போய்விட்டார். பேத்தி காலத்தில் வரவிருந்த டவரும் அத்தோடு போயிற்று.

சனிக்கிழமை காலை தையல்காரம்மா மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே திரைச்சீலை தைத்துக் கொடுக்கப் போனபோது ஒன்றைக் கவனித்திருந்தாள்: காத்திருக்கிறவர்கள் எல்லாரும் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைஃபை இலவசம்.

வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். "சும்மா வந்தெல்லாம் உக்கார முடியாது. யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான்."

மகள் பெஞ்சில் உட்கார்ந்து தேர்வைத் திறந்தாள். தையல்காரம்மாவை நர்ஸ் கூப்பிட்டாள். "என்ன செய்யுது?"

"தலை சுத்துது."

நர்ஸ் பிரஷர் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. நீங்க கிளம்பலாம்."

மகள் நிமிரக்கூட இல்லை. கிளம்பினால் அவளையும் எழுப்பிவிடுவார்கள்.

"கழுத்தும் வலிக்குது சிஸ்டர்."

கழுத்திலிருந்து தோளுக்கு வந்தாள், தோளிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து மெஷின் மிதிக்கும் முட்டிக்கு. பத்து வருஷமாகப் பேசாததையெல்லாம் ஒரே மூச்சில் பேசினாள். பாதி வழியில்தான் அவளுக்கே உறைத்தது: தலைசுற்றலைத் தவிர எதுவும் பொய்யில்லை.

"இவ்வளவையும் வச்சுக்கிட்டு இத்தனை நாள் எங்கம்மா போனீங்க? டேப்லெட் ஏதாவது எடுக்குறீங்களா?"

தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. "நான் எடுக்கல சிஸ்டர்! அது ஸ்கூல்ல குடுத்தது. பொண்ணுகிட்டதான் இருக்கு."

"ஸ்கூல்லயா? அந்தப் பொண்ணா?" நர்ஸ் எழுந்துவிட்டாள். "ஏய் பாப்பா! எத்தனை போட்ட?"

மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் போட்டாச்சு சிஸ்டர்! கடைசி ஒண்ணுதான் பாக்கி!"

"அடிப்பாவி!" நர்ஸ் ஓடிப்போய் அவள் வலது கையைப் பிடித்து நாடி பார்த்தாள். மகள் இடது கையால் கடைசிப் பதிலைத் தொட்டாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'உங்கள் விடைகள் பெறப்பட்டன' என்றது.

நர்ஸ் அதைப் படித்தாள். மகளைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"வெளிய போகச் சொல்லிட்டீங்கன்னா?"

நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முட்டி வலி நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப உக்காருங்க."