பெயர் எழுதாத பதினைந்து துளைகள்

அவளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. மாடிப்படிக்கு அடியில் உள்ள எட்டடி அறையில் பழுதான ரேடியோ, மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிறாள். யார் என்ன சொன்னாலும் மின்சாரம் அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவாள். ஒருமுறை பக்கத்துக் கடைக்காரர் ஒரு செப்பு வளையத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பிலுள்ள மின்சாரத்தைச் சீராக்குமாம். நல்ல விலை கொடுத்திருந்தார். அவள் முனைகளை வைத்துப் பார்த்தாள்.

"பூஜ்யம்ணே. வித்தவனுக்குத்தான் எல்லாம் சீராகியிருக்கும்."

இந்த அறைக்கு வருவதற்கு முன் எட்டு வருடம் ஒரு தொழிற்சாலையில் சாக்கெட்டுகளின் பின்புறத்தில் ஈயம் வைத்துக் கம்பி பற்றவைத்தாள். அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், மேற்பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பொறுமை பெண்களுக்கு இயல்பு என்பார் மேற்பார்வையாளர். அந்தப் பொறுமைக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று இவள் கேட்டாள். அந்த மாதத்தோடு வேலை போயிற்று.

அக்கா புருஷன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஆபரேட்டர். போன வருடம் ஒரு காலையில் அங்கே குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா வாயு கசிந்தது. அபாயச் சங்கு ஒலிக்கவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மூச்சு முட்டி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். சங்கை நிறுத்தும் கட்டளை, கட்டுப்பாட்டு அறையின் பழைய கம்ப்யூட்டரில் பதினொன்று இருபதுக்குப் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் பம்ப் அறையில் இருந்ததாக ஆபரேட்டர் சொன்னார். பார்த்தவர் யாருமில்லை.

நிர்வாகத்தின் வாதம் சுருக்கமானது. அந்தக் கம்ப்யூட்டர் வேறு எதோடும் சேராத தனிப் பெட்டி. அந்த நேரத்தில் அறைக்குள் வேறு யாரும் நுழையவில்லை. ஆகவே நிறுத்தியவர் ஆபரேட்டர்தான். இருபத்திரண்டு வருட வேலையிலிருந்து அவரை நீக்க, விசாரணை என்ற ஒரு சடங்குதான் பாக்கி. மேலிடத்தில் தவறு நடக்கவே முடியாது என்று நம்புகிறவர்களுக்குக் கீழே ஒரு ஆள் எப்போதும் தயாராகக் கிடைத்துவிடுகிறார்.

அந்தக் கம்ப்யூட்டரின் முதுகில் ஐந்து சாக்கெட்டுகள். நான்கின் மேல் எது எதற்கென்று எழுதியிருந்தது. ஐந்தாவதன் மேல் எதுவும் எழுதவில்லை. இரண்டு வரிசையில் பதினைந்து துளைகள், அவ்வளவுதான். கையேடு யாரிடமும் இல்லை. அதைச் செய்த கம்பெனியை மூடியே இருபது வருடம் ஆகிறது. கிடங்கின் இன்ஜினியர், அது விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் செருகும் இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"மாமா, அதுல எப்பவாவது ஒயர் சொருகியிருந்துச்சா?" என்று கேட்டாள் மீட்டர்.

"நான் திரையப் பாத்து உக்காந்தவன். அது முதுக எவன் பாத்தான்?"

"இருபத்திரண்டு வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிட்டு முதுகப் பாக்கலையாம்," என்றாள் அக்கா. "என் முதுகு வலியவே கண்டுக்காதவரு, அதப் பாத்திருப்பாரா?"

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற நீதிபதி. தொழிலாளி தரப்பில் ஒருவர் இயந்திரத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் அனுமதித்தார். மீட்டர் தன் பையோடு போனாள். அதிகாரியும் இன்ஜினியரும் கூடவே நின்றார்கள்.

"நீங்க எந்தக் காலேஜ்?" என்றார் இன்ஜினியர்.

"மாடிப்படிக்கு அடியில சார். ஹாஸ்டல் வசதி கெடையாது."

மற்ற சாக்கெட்டுகளின் இரு பக்கமும் திருகு மரைகள் இருந்தன. ஐந்தாவதில் மரை இல்லை; செருகியதை நழுவாமல் பிடிக்க, பக்கவாட்டில் நகரும் மெல்லிய தகடு ஒன்று இருந்தது. முதலில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துளை துளையாக முனை வைத்தாள். மூன்று சோடித் துளைகள் மட்டும் தங்களுக்குள் தொடர்பு காட்டிக் கையிலிருந்த மீட்டரைக் கூவவைத்தன. பிறகு மின்சாரம் கொடுத்தாள். ஜாய்ஸ்டிக் என்றால் பல துளைகளில் ஐந்து வோல்ட் வரவேண்டும். எதிலும் ஐந்து இல்லை. ஒரே ஒரு துளையில் பன்னிரண்டு வோல்ட் வந்தது.

அவள் நோட்டில் பழைய சாக்கெட்டுகளின் படங்கள் நிறைய இருந்தன. கம்ப்யூட்டர்களைத் தடித்த கம்பியால் ஒன்றோடொன்று இணைத்த காலத்துச் சாக்கெட்டும் அதில் ஒன்று: பதினைந்து துளை, நகரும் தகடு, பதின்மூன்றாவது துளையில் பன்னிரண்டு வோல்ட். இங்கே எண்ணிப் பார்த்தாள். பதினொன்றாவது. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். சோடிகளின் எண்களும் பொருந்தவில்லை.

"என்னம்மா, எதாவது ஒத்துப்போகுதா?" இன்ஜினியர் சிரித்தார்.

"இல்ல," என்றாள் மீட்டர். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

வாசலில் நின்ற மாமாவின் முகம் வெளுத்தது. "விட்டுரு மீட்டரு. போதும்."

இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முனைகளைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் மூன்றாவது முறை எண்ணினாள். விரல் இடமிருந்து வலமாகப் போயிற்று. அங்கேயே நின்றது. எட்டு வருடம் ஈயம் வைத்த கை அது. அவள் பார்த்ததெல்லாம் சாக்கெட்டின் பின்புறம். அங்கே ஒன்றாம் எண் துளை இடப்பக்கம். இங்கே பார்த்துக்கொண்டிருப்பது முகத்தை; இடமும் வலமும் மாறிவிடும்.

"சார், உங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் குனியுங்க. மேல் வரிசையில, வலது ஓரத் துளைகிட்ட பொடியா ஒரு எண் இருக்கும். நீங்களே படிங்க."

இன்ஜினியர் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் அதிகாரி.

"ஒண்ணு."

வலமிருந்து எண்ணினால் பன்னிரண்டு வோல்ட் பதின்மூன்றில் இருந்தது. சோடிகள் இரண்டு-ஒன்பது, மூன்று-பத்து, ஐந்து-பன்னிரண்டு. நோட்டில் இருந்தபடியே எல்லாம்.

"அப்படின்னா?" என்றார் அதிகாரி.

"இது மத்த கம்ப்யூட்டரோட பேசுறதுக்கு வச்ச வாசல்ங்க ஐயா. சங்க நிறுத்த இந்த நாற்காலியிலதான் உக்காரணும்னு இல்ல."

"வாசல் இருக்கலாம்," என்றார் இன்ஜினியர். "ஒயர் இருந்ததுக்கு என்ன ஆதாரம்?"

"இருந்துச்சுன்னு நான் சொல்லல சார். இருக்கவே முடியாதுன்னு எழுதிக் குடுத்தது நீங்க."

பையிலிருந்து டார்ச்சை எடுத்துச் சாக்கெட்டின் பக்கம் திருப்பினாள். பெட்டியின் முதுகு முழுக்கத் தூசி கெட்டியாகப் படிந்திருந்தது. ஐந்தாவது சாக்கெட்டைச் சுற்றி மட்டும், ஒரு பிளக்கின் அளவில், சுத்தமாக இருந்தது. அதிகாரி பார்த்தார். இன்ஜினியரையும் பார்க்கச் சொன்னார். பிறகு எழுதிக்கொண்டார்.

ஆறு வாரத்தில் மாமாவின் மேலிருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். கடிதத்தில் வருத்தம் என்ற சொல் இல்லை. அவர் அதே நாற்காலிக்குத் திரும்பினார். முதல் வேலையாகக் கம்ப்யூட்டரின் முதுகைப் போய்ப் பார்த்தார். ஐந்தாவது சாக்கெட்டின் மேல் புதிதாக ஒரு இரும்புத் தகடு வைத்து மூடியிருந்தார்கள்.

விழுந்த பெண்களில் ஒருத்தி வேலைக்குத் திரும்பிவிட்டாள். இன்னொருத்தியால் பத்துப் படிகூட ஏற முடியாது. மின்விசிறியைப் பழுதுபார்க்கக் கொடுக்க, படி ஏறாமல் போகக்கூடிய கடை எது என்று விசாரித்து மீட்டரிடம் வந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"உங்க மாமா நிறுத்தலன்னு ஆகிப்போச்சு. அப்ப சங்க நிறுத்துனது யாருன்னு கண்டுபிடிச்சாங்களா?"

"அத யாரும் இன்னும் அளக்கவே ஆரம்பிக்கலக்கா," என்று மீட்டர் ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினாள்.