பின்சுவர்க் கடிகாரம்

ஆலயப் பாடகர் குழுவைப் பழக்கும் அம்மாளுக்குச் ‘சுருதி அக்கா’ என்று பெயர். சுருதி விலகினால் போதகரின் மனைவி என்றும் பார்க்காமல் காய்ச்சி எடுத்துவிடுவார். அடக்க ஆராதனைக்கு அவரிடம் தனிச் சட்டமே இருந்தது.

“சவப்பெட்டியைப் பார்க்காதீங்க, அழறவங்களையும் பார்க்காதீங்க. பின்சுவத்துல இருக்கிற கடிகாரத்தையே பாருங்க. உங்களுக்குத் தொண்டை அடைச்சா சபையே வாயை மூடிக்கும்.”

முன்னின்று பாட அவர் பழக்கிய பெண்ணொருத்தி, சொந்தச் சித்தப்பாவின் அடக்கத்தில் பாதிப் பாட்டில் தேம்பிவிட்டாள். “அழறதுன்னா வீட்டுல போய் அழு,” என்று எல்லோர் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார் அக்கா.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அக்காவின் ஒரே மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்று தேம்பிய அந்தப் பெண்ணுக்கு அவள் உயிர்த்தோழி. பெட்டிக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். பாட்டுத் தொடங்கியதும், தான் பழக்கிய முகங்களில் ஒன்றாவது தன்னைப் பார்க்காதா என்று ஒவ்வொன்றாகத் தேடினார். அத்தனை கண்களும் அவர் தலைக்கு மேலே, பின்சுவரில் நிலைகுத்தி நின்றன. பாட்டு பிசிறு தட்டாமல் முடிந்தது.

முன்னின்று பாடிய அந்தப் பெண் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்தாள்.

“நான் அழலைக்கா,” என்றாள்.